தயிர் சாதத்தில் மீன் வாசனை

என் மனைவி சுபாஷிணி மூக்கால் சம்பாதிக்கிறவள். கொச்சியில் ஜூ டவுன் என்கிற யூதர் தெருவில் ஒரு மிளகு வியாபாரியின் கிடங்கில் அவளுக்கு வேலை. சாக்கைக் குத்தி எடுத்த மிளகை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி முகர்ந்து, இது போன வருஷத்துச் சரக்கு, இது மழையில் நனைந்து காய்ந்தது என்று சொல்லிவிடுவாள். சரக்கைக் கொண்டுவந்தவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் மசியமாட்டாள். வீட்டுக்கு வந்த பிறகாவது அந்த மூக்கைக் கழற்றி வைப்பாளா என்றால், அதுவும் கிடையாது. நான் சாயங்காலம் எந்தக் கடையில் சாயா குடித்தேன், கூடவே ஒரு பழம்பொரியும் தின்றேனா என்பதெல்லாம் சட்டையைக் கழற்றும்போதே தெரிந்துவிடும்.

மூக்கோடு கூடப் பிறந்தது சந்தேகம். நான் வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆள். அவள் பாலையே முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் காய்ச்சுவாள். கல்யாணமான புதிதில் இது எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஸாதனாவின் முகத்தில் முதல் வெள்ளைப் பொட்டு வந்த பிறகு வேடிக்கையெல்லாம் போய்விட்டது.

ஸாதனா எங்கள் ஒரே பெண். நாலு வயதில் இடது கண்ணோரம் மிளகளவு வெளுத்தது. பிறகு உதட்டைச் சுற்றி வந்தது, அப்புறம் இரண்டு கை விரல்களிலும் வந்தது. இடப்பள்ளியில் ஒரு தோல் டாக்டரிடம் காட்டினோம். தோலின் நிறம் போகிறது, அவ்வளவுதான், வலிக்காது, யாருக்கும் தொற்றாது, சாப்பிட்ட எதனாலும் வந்ததில்லை என்று பொறுமையாகச் சொல்லி, தடவ மருந்தும் கொடுத்தார். டாக்டர் பேச்சை யார் கேட்கிறார்கள்? மீனையும் தயிரையும் சேர்த்துத் தின்றால் உடம்பு வெளுக்கும் என்பது இந்த ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த வைத்தியம்.

எங்கள் வீட்டுக்கு அது இன்னும் வினையாகப் போயிற்று. பாலக்காட்டிலிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்து மூன்று தலைமுறையாகியும் மீன் செதில் வாசலில் விழாத வீடு. அப்படிப்பட்ட வீட்டுக் குழந்தைக்கு இது எப்படி வந்தது என்று எங்கள் ஆட்களே கணக்குப் போட ஆரம்பித்தார்கள். அடுத்த சந்தில் இருக்கும் கமலாக்ஷி ஒரு நாள் கோவில் பிரகாரத்தில் சுபாவின் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் வெளியில் ஹோட்டலில் சாப்பிடுகிற வழக்கம் உண்டோ என்று விசாரித்தாள். குரலில் அத்தனை அன்பு. மறுநாள் ஒரு டப்பா நிறைய முறுக்கும் கொடுத்தனுப்பினாள். சுபா அந்த முறுக்கையும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தட்டில் போட்டாள்.

ஜூன் மாதம் மழையோடு பள்ளிக்கூடம் திறந்தது. ஸாதனாவை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தோம். கமலாக்ஷியின் பையன் அபிராமும் அதே வகுப்பு. தெரிந்த குழந்தை ஒன்று கூட இருக்கிறதே என்று எனக்கு நிம்மதி. முதல் நாள் வகுப்பு வாசலில் அவளை விட்டபோது உள்ளே இருந்த சத்தம் சட்டென்று அடங்கியது. எல்லாக் கண்களும் அவள் வாயையும் விரல்களையும் பார்த்தன. ஸாதனா என் கையை விட்டுவிட்டு, தன் கைகளைப் பினாஃபோர் பைக்குள் நுழைத்துக்கொண்டு உள்ளே போனாள். வல்லார்பாடம் போய்ச் சேரும்வரை வண்டி ஓட்டியதே எனக்கு நினைவில்லை. அங்கே கன்டெய்னர் முனையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஆபீசில் எனக்கு வேலை.

முதல் சில நாட்கள் டிபன் டப்பா பாதிக்கு மேல் அப்படியே திரும்பி வந்தது. கேட்டால் பசிக்கவில்லை என்பாள். யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டால் ஜன்னலைப் பார்ப்பாள். பிறகு ஒரு சாயங்காலம் டப்பா துடைத்து வைத்ததுபோலக் காலியாக வந்தது. நான் சந்தோஷப்பட்டேன். சமையலறையிலிருந்து சுபா கூப்பிட்டாள்.

"ஏன்னா, இங்க வாங்கோ. இதை மோந்து பாருங்கோ."

மோந்து பார்த்தேன். தயிர் புளித்த வாசனை வந்தது. அப்படித்தான் சொன்னேன்.

"அதுக்கு அடியிலே மோந்து பாருங்கோ. மீன்."

அடியிலே எப்படி மோந்து பார்ப்பது என்று கேலி செய்துவிட்டு நகர்ந்தேன். மறுநாளும் கூப்பிட்டாள். அதற்கு மறுநாள் எனக்கே தெரிந்தது. தயிருக்கும் கடுகு தாளித்ததற்கும் அடியில், மூடியின் ரப்பர் விளிம்பில், சந்தேகமே இல்லாமல் மீன். சுபாவின் முகம் கறுத்துவிட்டது. கேலி செய்கிற பிள்ளைகள் வாயால் சொன்னதோடு நிற்காமல் டப்பாவில் மீனைப் போடுகிறார்கள் என்பது அவள் தீர்ப்பு. மீன் தின்றுதான் வெளுத்தது என்று சொல்கிறவர்கள், இந்தா தின்னு என்று திணிக்கிறார்கள். குழந்தை பயந்து தின்கிறாளோ, கொட்டுகிறாளோ, யார் கண்டது.

ஸாதனாவைக் கேட்டதற்கு ஒரே ஒரு பதில்தான் வந்தது. "சோனியாவோட சாப்பிட்டேன்." அதற்கு மேல் எத்தனை கிண்டியும் வாயைத் திறக்கவில்லை. சோனியாவின் பெயரைச் சொல்லும்போது அவள் பார்வை எங்களைத் தாண்டிப் போயிற்று. எதையோ மறைக்கிறாள் என்று சுபா சொன்னாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. வெண்புள்ளி தொற்றாது என்று டாக்டர் சொன்னார். சந்தேகம் தொற்றுமா என்று நாங்கள் கேட்கவில்லை.

யார் இந்த சோனியா என்ற விவரம் கமலாக்ஷி வழியாக வந்தது. அந்தப் பெண் தினமும் ஸாதனாவின் டப்பாவுக்குள் கை விடுகிறதாம், அபிராம் கண்ணால் பார்த்தானாம். அப்பா அனீஷ் கார்ப்பரேஷன் குப்பை லாரி ஓட்டுகிறவர். அவர்களும் தமிழ்தான், பல காலமாகக் கொச்சியில் இருக்கிறவர்கள். இதைச் சொல்லும்போது கமலாக்ஷி குரலை ஒரு படி தாழ்த்தினாள். எதற்குத் தாழ்த்தினாள் என்பது எனக்குப் புரிந்தது. புரிந்தும் பேசாமல் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அனீஷை எனக்குப் பார்த்த பழக்கம் உண்டு. காலையில் எங்கள் தெருவில் லாரி வரும். ஸாதனா சீருடையில் நின்றால் இறங்கி வந்து சிரிப்பார். அதுவரை அது வெறும் சிரிப்பு. இப்போது பார்த்தால் அவர் குழந்தையின் கைகளைத்தான் பார்க்கிறார், அதுவும் ரொம்ப நேரம் பார்க்கிறார். ஒரு நாள் அவளிடம் குனிந்து ஏதோ கேட்டார். அவள் தலையாட்டினாள். நான் வாசலுக்கு வருவதற்குள் லாரி கிளம்பிவிட்டது. என்ன கேட்டார் என்றால், ஒன்றுமில்லை என்றாள் என் மகள். அன்று முழுக்க ஆபீசில் அந்த ஒன்றுமில்லையையே மென்றுகொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பேருமாகப் போனோம். சுபா முந்தின நாள் டப்பாவைக் கழுவாமல், பாலிதீன் பையில் சுற்றி முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். வகுப்பு டீச்சர் லிஸ்ஸியின் மேஜைமேல் அதை வைத்து முடிச்சை அவிழ்த்தாள். டீச்சர் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. சைவக் குடும்பம், சடங்கு ஆசாரம், புகார் மேலே போனால் வம்பு என்றெல்லாம் அவர் முகத்தில் ஓடியது. சோனியா நல்ல குட்டிதான் என்று ஒரு வார்த்தை சொன்னார். ஆனாலும் இடம் மாற்றி உட்கார வைக்கிறேன், அப்பாவையும் கூப்பிட்டுச் சொல்கிறேன் என்றார்.

வெளியே வரும்போது அந்தப் பெண்ணைப் பார்த்தோம். இரட்டைப் பின்னல், ஒல்லி உடம்பு, முன்பல் ஒன்று விழுந்திருந்தது. எங்களைக் கண்டதும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டது.

"பார்த்தேளா," என்றாள் சுபா. "மடியிலே கனம். அதான் பயம்."

மறுநாள் டப்பாவில் மீன் வாசனை இல்லை. சுபா ஜெயித்த முகத்தோடு மூடியை என்னிடம் நீட்டினாள். மூடியில் வாசனை இல்லைதான். ஆனால் டப்பாவுக்குள் சாதமும் அப்படியே இருந்தது. ஒரு பருக்கை குறையவில்லை. அடுத்த நாளும் அப்படியே. ஸாதனா வீட்டுக்கு வந்தும் கைகளைப் பையிலிருந்து எடுக்கவில்லை, சாப்பிட மட்டும் எடுத்தாள். ராத்திரி அவளைத் தூங்க வைத்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தோம். இப்போது யாரைச் சந்தேகப்படுவது என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளைக் குளிப்பாட்டியது நான். கையில் தண்ணீரை ஊற்றினேன். தரையில் பழுப்பாக ஓடியது. சேறா என்று பார்த்தால், விரல்களில் இருந்து வருகிறது. ஸ்கெட்ச் பேனாவை எடுத்து, வெளுத்த இடமெல்லாம் பழுப்பு நிறம் தீட்டியிருக்கிறாள். ஒரு விரல்கூட விடவில்லை. சில இடங்களில் அழுத்தி அழுத்தித் தோல் சிவந்திருந்தது. கோபம் யார்மேல் என்றுகூடத் தெரியாமல், யார் சொல்லி இப்படிச் செய்தாய் என்று கத்திவிட்டேன். அவள் அழுதாள். அழுகையோடு எல்லாம் வெளியே வந்தது.

முதல் நாளே அபிராம் எழுந்து நின்று வகுப்புக்குச் சொன்னானாம். ஸாதனாவின் வீட்டில் திருட்டுத்தனமாக மீனும் தயிரும் தின்பார்கள், அதனால்தான் வெள்ளப்பாண்டு வந்தது, அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டால் எல்லாருக்கும் வரும் என்று அவன் அம்மா சொன்னாளாம். தமிழ் பேசுவதால் பாண்டி என்று ஒரு பெயர் ஏற்கெனவே வைத்திருந்தார்கள். இப்போது பாண்டு என்று இன்னொன்று. பெஞ்சில் இருந்த பிள்ளைகள் எழுந்து போய்விட்டார்கள். அவள் டப்பாவைத் திறந்தாலே பெண் குழந்தைகள் மூக்கைப் பொத்துவார்களாம். அப்போதுதான் கடைசி பெஞ்சிலிருந்து சோனியா தன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"சோனியா பறஞ்சா, எங்காத்திலே தினம் மீன் உண்டு, உன் தயிர் சாதத்தை நான் மீனோட தின்னு காட்டறேன், எனக்கு வரலேன்னா உனக்கும் அதனாலே வந்ததில்லேன்னு."

தினமும் தின்றிருக்கிறது. ஸாதனாவின் டப்பாவிலேயே பொரித்த மீனை வைத்து, தயிர் சாதத்தோடு பிசைந்து, எல்லாரும் பார்க்கத் தின்றிருக்கிறது. மறுநாள் காலையில் பிள்ளைகள் வரிசையில் நின்று அதன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்களாம். வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. இரண்டு குழந்தைகள் பயம் போய் இவர்கள் பெஞ்சுக்கே வந்துவிட்டார்களாம். எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். மீன் என்றால் அம்மா டப்பாவையே தூக்கிப் போட்டுவிடுவாள் என்றாள். அதில் பொய் இல்லை.

மூக்கைச் சிந்திக்கொண்டு அவள் மிச்சத்தையும் சொன்னாள். "இப்போ எல்லாரும் பறயறா, சோனியாவுக்கும் வந்துடுத்து, அதனாலேதான் டீச்சர் மாத்தி உட்கார வெச்சான்னு. அவ பக்கத்திலேயும் யாரும் உட்காரலே அப்பா."

திரும்பிப் பார்த்தேன். குளியலறை வாசலில் சுபா துண்டோடு நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாளோ, எல்லாம் கேட்டிருக்கிறாள். ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்து, பழுப்பு இன்னும் போகாத விரல்களைத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள். அவள் மூக்கு சொன்னதில் தப்பே இல்லை. மீன் இருந்தது. மிச்சத்தை இட்டுக்கட்டியது நாங்கள்.

அன்று சாயங்காலமே அனீஷின் வீட்டுக்குப் போனோம். கார்ப்பரேஷன் குடியிருப்பில் கீழ்த்தள வீடு. அவர் வாசலிலேயே நின்றார், உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. நான் கொண்டுபோன பழப் பையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். அடுத்து என்ன புகாரோ என்ற சந்தேகம் அவர் கண்ணில் இருந்தது. அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும், அத்தனை நாளும் நான் அவரைப் பார்த்தது அப்படித்தான். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"மோளு பேடிச்சு, பயந்துட்டேதான் சார் தின்னுச்சு," என்றார். "டெய்லி ஸ்கூள் விட்டு வந்தா ஜன்னல்கிட்ட நின்னு கையத் திருப்பித் திருப்பிப் பாக்கும். எனக்கு வந்துச்சா அப்பான்னு கேக்கும். என்னத்தக் கேக்குதுன்னு எனக்கு மனசிலாகல. உங்க மோளு கைய அதனாலதான் காலையில நின்னு பாத்தேன். வலிக்குமா மோளேன்னுகூட ஒரு நாள் கேட்டேன்."

பெரியவர்களே நம்புகிற ஒரு வியாதியை, வந்தாலும் வந்துவிடும் என்று பயந்துகொண்டே ஒரு ஆறு வயசுப் பெண் தினமும் வாயில் போட்டு மென்றிருக்கிறது. தனக்காகக்கூட இல்லை. அன்றைக்கு எங்களைக் கண்டதும் கையை ஒளித்தது, எல்லாரும் அந்தக் கைகளையே பார்த்துப் பார்த்துப் பழகிப்போனதால். மடியில் கனம் என்றோம் நாங்கள்.

மறுபடி இரண்டு குழந்தைகளையும் ஒன்றாக உட்கார விட வேண்டும் என்று சுபா கேட்டாள். அனீஷ் பழப் பையை வாங்கவில்லை.

"பிரிச்சு வச்சது நீங்க. நீங்கதான் போய்ச் சேத்து வைக்கணும். டீச்சர்கிட்ட ரகசியமா சொன்னா போதாது. புள்ளைங்க முன்னால சொல்லணும்."

கதவுக்குப் பின்னாலிருந்து இரட்டைப் பின்னல் எட்டிப் பார்த்தது. சுபா குனிந்து, என்ன மீன் கொண்டுவருவாய் என்று கேட்டாள். "சாளை," என்றது குழந்தை. மற்ற ஊரில் மத்தி என்கிற மீனைக் கொச்சியில் அப்படித்தான் சொல்வார்கள். அது சுபாவுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மறுநாள் சுபா கிடங்குக்கு லீவு சொல்லிவிட்டு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வகுப்புக்குப் போனாள். நானும் போனேன். லிஸ்ஸி டீச்சரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அத்தனை குழந்தைகளுக்கும் மலையாளத்தில் சொன்னாள். சோனியாவுக்கு ஒன்றும் வரவில்லை, யாருக்கும் வராது, மாற்றி உட்கார வைக்கச் சொன்னது நான், அது என் தப்பு. பிறகு சோனியாவைக் கூப்பிட்டு அதன் இரண்டு கைகளையும் எல்லாரும் பார்க்கத் திருப்பிக் காட்டினாள். காட்டிவிட்டு முத்தம் கொடுத்தாள். மீன் கழுவும் தண்ணீர் தெறித்தாலே தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறவள் அவள். அபிராம் தலையைக் குனிந்து தன் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை, அவன் வீட்டில் கேட்டதைச் சொன்னவன்.

கமலாக்ஷியோடு சுபா சண்டைக்குப் போகவில்லை. முறுக்கு வந்த டப்பா எங்களிடம் இருந்தது. வந்த பாத்திரத்தைக் காலியாகத் திருப்பக் கூடாது என்பது எங்கள் வீடுகளில் வழக்கம். ஒன்றுமே இல்லையென்றால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். சுபா அந்த டப்பாவை நன்றாகத் தேய்த்துக் கழுவித் துடைத்து, மூடியைத் திறந்து உள்ளே ஒன்றுமில்லை என்று காட்டி, கமலாக்ஷியின் கையில் கொடுத்துவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு தினமும் தயிர் சாதம் இரண்டு பேருக்குக் காணும்படி பெரிய டப்பாவில் போயிற்று. சாயங்காலம் டப்பா வந்ததும் சுபா மூடியைத் திறந்து முகர்வாள். நான் அவள் முகத்தைப் பார்ப்பேன். தயிர் மட்டும்தான். குழந்தைகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள், ஆனால் சோனியா தன் டப்பாவைத் தனியாக மூடி வைத்துக்கொண்டு சாப்பிட்டதாம். ஒரு தடவை அடி வாங்கிய குழந்தை எங்களை எதற்கு நம்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. சுபா டப்பாவைக் கழுவி வைப்பாள். அவள் தோள் தளர்ந்திருக்கும்.

நல்ல மழை பெய்த ஒரு சாயங்காலம் நான் நனைந்து வீட்டுக்குள் நுழைந்தேன். ஸாதனா கூடத்தில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். இரண்டு கைகளும் மேஜைமேல் இருந்தன. சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"ஏன்னா, இங்க வாங்கோ."

ஓடினேன். சுபா டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணெல்லாம் நனைந்திருந்தது. மூடியை என் மூக்கருகே நீட்டினாள். எனக்கு முகர வேண்டிய அவசியமே இருக்கவில்லை, சமையலறை முழுக்க அதுதான்.

"சாளை," என்றாள், மிளகைச் சொல்கிற அதே குரலில். "இன்னைக்குக் காலம்பர பொரிச்சது."

ஸாதனாவும் அதில் ஒரு துண்டு தின்றாளா என்பது எங்களுக்குத் தெரியாது. சுபா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.